சரித்திரச் சண்டைப் படம் பெரிய படமாவது எப்போது?

கேள்வி (தொண்டியிலிருந்து ஒரு தம்பி) — 2025 ஜூன் 7

சரித்திரப் படம் என்றால் எனக்குப் போர்தான். கடைசி நாற்பது நிமிடம் யானை, குதிரை, பத்தாயிரம் பேர், கோட்டைக் கதவு இடிய வேண்டும். அது சரியாக அமைந்தால் பெரிய படம், இல்லையென்றால் இல்லை. அதற்கு முன்னால் பேசுவதெல்லாம் பாப்கார்ன் வாங்கப் போகிற நேரம். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ஜூன் 8, மதியம்

மறுக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மண்டபத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. நான் கணக்கெழுதும் ஐஸ் கம்பெனியில் ஒரு பார்கூட இறங்கவில்லை. அதனால் எழுத நேரம் இருக்கிறது, நீளமாகவே எழுதுவேன்.

எங்கள் அப்பா உச்சிப்புளிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தவர். தரை டிக்கெட் என்றால் மணல். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவன் காலால் தட்டிவிடுவான். வாடைக் காலத்தில் கடல் காற்று கீற்றுத் தடுப்புக்குள் புகுந்து திரையை உப்ப வைக்கும். குதிரை வயிறு பெருத்து, ஒட்டி, மறுபடி பெருக்கும். வெள்ளைக்காரச் சிப்பாயின் மூக்கு மட்டும் ஒரு முழம் முன்னால் வந்துவிட்டுப் போகும். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். வெளியாகி இருபது வருடம் ஆன பிறகு, திரை முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த பிரிண்டில், நாலு ராத்திரி தொடர்ந்து.

இப்போது கண்ணை மூடி யோசித்தால் போர்க்காட்சியில் யாரோ குதிரையிலிருந்து விழுகிறான் என்பது மட்டும் வருகிறது. எந்தப் பக்கத்து ஆள் என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் கலெக்டர் ஜாக்சனும் கட்டபொம்மனும் நேருக்கு நேர் பேசும் காட்சி? வசனம், மூச்சு, இடையில் விடும் இடைவெளி உட்பட மனப்பாடம். எனக்கு மட்டும் இல்லை, ஊருக்கே. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அதைத்தான் நடித்தோம். கட்டபொம்மனாக எல்லாரும் தயார், ஜாக்சனாக யாரும் வரமாட்டான். இருப்பதில் பொடியனைப் பிடித்து ஜாக்சன் ஆக்குவார்கள். பொடியன் நான்.

தம்பி, உங்கள் கணக்கில் அது பாப்கார்ன் நேரம்.

ஜூன் 8, இரவு

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தச் சந்திப்பு நடந்த இடம் பாஞ்சாலங்குறிச்சி இல்லை. எங்கள் ராமநாதபுரம் அரண்மனை, ராமலிங்க விலாசம். உச்சிப்புளியிலிருந்து பஸ்ஸில் அரை மணி.

நடந்தது இது. 1798இல் ராமநாதபுரத்துக்கு வந்து தன்னைப் பார்க்கும்படி ஜாக்சன் கட்டபொம்மனுக்கு ஆள் அனுப்பினார். இவர் போனபோது கலெக்டர் குற்றாலம் போயிருந்தார். குற்றாலம் போனால் அங்கே பார்க்க முடியாது என்றார்கள். சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராகப் பின்னால் அலைய வைத்து, 23 நாள் கழித்து, செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் பார்க்க விட்டார். பார்க்க விட்டவர் உட்காரச் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் நிற்க வைத்தார். அப்புறம்தான் கைகலப்பு, கிளார்க் என்ற லெப்டினன்ட் சாவு, கட்டபொம்மனின் தானாபதி (அமைச்சர் மாதிரி) சுப்பிரமணிய பிள்ளை சிறைபிடிக்கப்பட்டது, கட்டபொம்மன் தப்பியது எல்லாம்.

அந்த 23 நாளைப் பாருங்கள். ஒரு பாளையக்காரர் தன் ஆட்களோடு, தன் ஆட்களின் கண் முன்னாலேயே, ஒவ்வோர் ஊரிலும் திருப்பி அனுப்பப்படுகிறார். ஒரு வாள்கூட உருவப்படவில்லை. போர் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஜூன் 9

கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்படியென்றால் நாடகமே போதுமே, உங்களுக்கு எதற்குக் கேமரா? ரெண்டு நாற்காலி, ஒரு ஆர்மோனியம் போதாதா?"

நியாயமான அடி. காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேச்சு மட்டும் போதும் என்றால் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் ஆடி மாதம் போடும் நாடகம்தான் உலகத்திலேயே பெரிய சரித்திரப் படம். ராஜபார்ட்டின் கிரீடம் கழன்று பபூன் கையில் விழுந்ததெல்லாம் கணக்கில் சேர்க்காவிட்டால்.

நாடகத்தால் முடியாத ஒன்று இருக்கிறது. இடம். யார் எங்கே நிற்கிறான், அவனுக்கும் எதிரிக்கும் நடுவில் என்ன கிடக்கிறது, அதைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) படத்தை இதற்குத்தான் கும்பிடுகிறேன். கொள்ளைக்காரர்களிடமிருந்து கிராமத்தைக் காக்க வந்தவர்கள் முதலில் ஊரைச் சுற்றி நடக்கிறார்கள். படம் வரைகிறார்கள். இங்கே வேலி, இந்த வயலில் தண்ணீர் விடு, அந்தப் பாலத்தை எடு, இந்த ஒரு வழியை மட்டும் திறந்து வை. எதிரி நாற்பது பேர் என்று தாளில் நாற்பது வட்டம் போட்டு, ஒருவன் செத்தால் ஒரு வட்டத்தை அடிக்கிறார்கள். கடைசிச் சண்டை கொட்டுகிற மழையில், முழங்கால் சேற்றில். ஆனாலும் ஒரு நொடிகூட எனக்கு வழி தப்பவில்லை. அந்தக் கிராமத்தில் என்னை இறக்கிவிட்டால் வடக்கு வாசலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போவேன். அந்தப் படத்தில் இறக்கும் நான்கு சாமுராய்களில் ஒருவர்தான் துப்பாக்கியில் சாகிறார் என்று நினைவு, மற்றவர்கள் வாள் சண்டையில். அந்த வாள் சண்டைகள் ஒவ்வொன்றும் அழகு.

இதற்கு நேர் எதிர் உதாரணம், 'பிரேவ்ஹார்ட்' (1995). ஸ்காட்லாந்துக்காரர்கள் 1297இல் ஸ்டர்லிங் பாலத்தில் ஜெயித்ததே அந்தப் பாலம் குறுகலாக இருந்ததால்தான். பெரிய படை இரண்டு இரண்டு பேராக அதில் வந்து மாட்டிக்கொண்டது. படத்தில் சண்டை இருக்கிறது, பாலம் இல்லை. வெறும் புல்வெளி. பாம்பன் கதையைப் பாலம் இல்லாமல் எடுப்பதுபோல. அந்தப் படம் எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

ஜூன் 10

நேற்று "இடம்" என்று எழுதியதும் ஒருவர் "சினிமாவில் உங்களுக்கு என்ன அனுபவம்?" என்று கேட்டார். இருக்கிறது. நான்கு நாள்.

1990களில் அரியமான் கடற்கரையில் ஒரு சரித்திரப் படத்தின் போர்க்காட்சி எடுக்க வந்தார்கள். பெயர் வேண்டாம், ஒரு வாரம்கூட ஓடாத படத்தை இப்போது அடித்து என்ன? சுற்று வட்டாரத்தில் அறுபது பேர் சேர்ந்தோம். பேட்டா உண்டு, இரண்டு வேளைச் சாப்பாடு. சட்டை சாக்குத்துணி, மேலே வெள்ளிப் பெயிண்ட். பத்து மணி வெயிலில் அந்தப் பெயிண்ட் உருகிக் கழுத்தில் ஒட்டும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் மூன்று நாள் போகவில்லை. வாள் அலுமினியம், கேடயத்தில் பட்டால் வாள் வளையும். வளைந்ததை முழங்காலில் வைத்து நிமிர்த்திக்கொண்டே சண்டை போட்டோம்.

காலையில் நாங்கள் ராஜாவின் படை. சாப்பாட்டுக்கு அப்புறம் தலைப்பாகையை மாற்றி எதிரிப் படை. காலையில் நான் எறிந்த ஈட்டிக்கு மத்தியானம் நானே விழுந்தேன்.

இதில் சிரிப்பைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நான்கு நாளில் ஒருவர்கூட எங்களிடம் சொல்லவில்லை, கோட்டை எந்தப் பக்கம், எதிரி எந்தப் பக்கம், நாங்கள் தாக்குகிறோமா தப்பிக்கிறோமா என்று. மைக்கில் "ஓடுங்க, கத்துங்க" என்றார்கள். ஓடினோம், கத்தினோம். பாதிப் பேர் சவுக்குத் தோப்பு நிழலைப் பார்த்து ஓடினார்கள், இயல்புதானே? தியேட்டரில் பார்த்தபோது அதேதான் திரையிலும் இருந்தது. கேமராவை ஆட்டி, தூசியைக் கிளப்பி, இசையைப் போட்டு மூடியிருந்தார்கள். சிப்பாய்க்குத் தெரியாதது பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் கடல். அவர்களுக்குப் பின்னணியில் ஆளுயர அலை வேண்டும். மாதமோ ஆடி. அரியமான் இருப்பது வடகடல் பக்கம், ஆடியில் அது குளம் மாதிரி கிடக்கும். இயக்குநர் இடுப்பில் கை வைத்துக் கடலை முறைத்துக்கொண்டு நின்றார். வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "இது பொம்பளைக் கடலுய்யா. இப்ப அலை வேணும்னா தெக்கே போங்க, அங்க ஆம்பளைக் கடல் ஆடிக்கிட்டு இருக்கும். இங்க வேணும்னா ஐப்பசிக்கு மேல வாங்க." அவர் சொன்ன தென்கடல் குறுக்கே போனால் சில கிலோமீட்டர்தான். போகவில்லை. டிரம்மில் தண்ணீர் பிடித்து ஓரத்திலிருந்து வீசினார்கள்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஊர்ப் பெண்கள் குடத்தில் கொண்டுவந்தார்கள். ஒரே டம்ளர். இந்தப் பக்கத் தலைப்பாகை ஒருவன், அந்தப் பக்கத் தலைப்பாகை ஒருவன், இரண்டு பேரும் அதைப் பிடித்து இழுத்து, கெட்ட வார்த்தையில் திட்டி, அப்புறம் பாதிப் பாதி குடித்தார்கள். நாலு நாளில் நான் பார்த்த ஒரே போர் அதுதான். கேமரா அந்தப் பக்கம் திரும்பியே இருந்தது.

ஜூன் 10, கொஞ்சம் கழித்து

"திரும்பியே இருந்தது" என்றால் எங்களுக்கு முதுகு காட்டி என்று அர்த்தம். இரண்டு பேர் தப்பாகப் படித்துவிட்டார்கள்.

ஜூன் 12

குதிரை பற்றிக் கேட்டவருக்கு. அந்தப் படப்பிடிப்புக்கு இரண்டு குதிரை வந்தது. காய்ந்த மணலில் கால் புதைந்து நடக்கவே மறுத்தது. ஈர மணலில் மட்டும் ஓடும், அதுவும் ரிஃப்ளெக்டர் மின்னினால் நிற்கும். அதனால் படத்தில் ராஜா எப்போதும் தண்ணீர் ஓரமாகவே போவார், என்னவோ கடலில் எதையோ தொலைத்தவர் மாதிரி.

நம் கரைக்குக் குதிரை என்பது கப்பல் சரக்கு. பாண்டியர் காலத்தில் அரபுக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியதையும், லாடம் அடிக்கவும் பராமரிக்கவும் ஆள் இல்லாமல், சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டு, வருடக் கடைசியில் பெரும்பாலானவை செத்துப்போனதையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஒவ்வொரு குதிரையும் அவ்வளவு விலை. ஆனால் நம் படங்களில் குதிரை ஏதோ தெரு நாய் மாதிரி எங்கிருந்தோ வருகிறது, விழுகிறது, அடுத்தது வருகிறது. குதிரை விழுந்தால் ஒரு ராஜா கணக்குப் பார்த்து முகம் சுளிக்கிற படம் ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

(ஐஸ் கம்பெனிக் கணக்கன் இப்படித்தான் யோசிப்பான் என்று எழுதப் போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.)

ஜூன் 14

திருத்தம். பெரிய திருத்தம்.

நேற்று ராத்திரி 'செவன் சாமுராய்' மறுபடி பார்த்தேன், மூன்றரை மணி நேரம். நான் 9ஆம் தேதி எழுதியது தப்பு. இறக்கும் நான்கு சாமுராய்களும் துப்பாக்கியில்தான் சாகிறார்கள். நால்வருமே. கொள்ளைக்காரர்களிடம் இருப்பது மூன்றே துப்பாக்கி. சாமுராய்களில் மிகச் சிறந்த வாள்வீரன், எதிரில் யாரும் நிற்க முடியாத ஆள், எங்கிருந்தோ வந்த ஒரு குண்டில் மண்ணில் விழுகிறான். அவனைக் கொன்றவனுக்கு வாள் பிடிக்கவாவது தெரியுமா என்றுகூடத் தெரியாது.

நான் எப்படி மறந்தேன்? எனக்கு வாள் சண்டை வேண்டியிருந்தது, அதனால் மனசு வாள் சண்டையாக மாற்றி வைத்துக்கொண்டது. படமோ அதைத் தரவே இல்லை. வாளின் காலம் முடிந்தது என்று நாலு முறை சொல்லியிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

இது ஏன் எனக்கு உறைக்கிறது என்றால், எங்கள் சீமைக் கதையும் இதேதான். வளரி தெரியுமா? வளைந்த எறிகோல். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அது வேட்டைக்கும் போருக்கும். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்: 1795 வாக்கில் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. அதே வெல்ஷ் 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிரான போரில் கம்பெனிப் படையில் இருந்தார். சின்ன மருது தொடையில் குண்டுபட்டுப் பிடிபட்டார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் சகோதரர்கள் இருவரையும் தூக்கிலிட்டார்கள். கற்றுக்கொடுத்தவரை வேட்டையாடியதைப் பற்றி வெல்ஷ் எழுதிய பக்கத்தில் வருத்தம் தெரிகிறது. ஆனால் போரில் அவர் தன் வேலையைச் செய்தார்.

ஒரு மணல் திட்டு, இரண்டு பேர், ஒருவர் மற்றவரின் மணிக்கட்டைப் பிடித்து "இப்படி இல்லை, இப்படி" என்று திருப்பிக் காட்டுகிறார். ஆறு வருடம் கழித்து அதே ஆள் எதிர் வரிசையில். இதைக் கையில் வைத்துக்கொண்டு நம் படங்களில் வெள்ளைக்காரன் என்றால் மீசையை முறுக்கி உடைந்த தமிழில் கத்துகிற ஆள்தான். எதிரியை முட்டாளாக்கினால் அவனிடம் தோற்ற நம் ஆளும் முட்டாள் ஆகிறான் என்பதை யாராவது வசனகர்த்தாக்களுக்குச் சொன்னால் தேவலை.

ஜூன் 15

விடியற்காலையில் படகுகள் போகின்றன. ஐஸ் லோடு. இனிமேல் சிறியதாகத்தான் எழுத முடியும்.

ஜூன் 22

சென்னையில் கிராஃபிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் இந்த இழையைப் படித்துவிட்டு போன் செய்தான். "மாமா, நீங்கள் அறுபது பேர் ஓடியதை இப்போ நான் ஆறாயிரம் ஆக்கிடுவேன். சவுக்குத் தோப்புப் பக்கம் ஓடினவங்களைத் திருப்பியும் விட்டுடுவேன்." சரி, திருப்பு. எதிரி எந்தப் பக்கம் என்று உனக்கு யார் சொல்வார்கள்? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதைத்தான் மாமா நாங்களும் மெயில் போட்டுக் கேட்டுக்கிட்டே இருப்போம்" என்றான்.

இதே பையன் ஒருமுறை ஒரு பெரிய படத்தின் போர்க்காட்சியை நிறுத்தி, ஒரே ஆள் மூன்று இடத்தில் ஒரே மாதிரி கை தூக்கி நிற்பதைக் காட்டினான். அன்றிலிருந்து எனக்கு அந்தப் படம் போச்சு. எங்கே பார்த்தாலும் அந்த ஆளைத்தான் தேடுகிறேன்.

நிஜ ஆட்களைக் கொண்டுவந்தால் மட்டும் ஆகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. 'வாட்டர்லூ' (1970) படத்துக்குச் சோவியத் ராணுவத்திலிருந்து சுமார் 15,000 சிப்பாய்களை இறக்கினார்கள். மேலிருந்து பார்த்தால் வாய் பிளக்கும். படம் வசூலில் கவிழ்ந்தது.

ஜூன் 24

தொண்டித் தம்பி திரும்பி வந்துவிட்டார், கோபமாக: "அப்படியென்றால் சின்னப் படமே நல்ல படம் என்கிறீர்கள். 'சந்திரலேகா' முரசு நடனத்துக்கு என்ன பதில்?"

பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 1948இல் வாசன் செய்த வேலை. மலை மலையாக முரசு, அதன் மேல் ஆடும் பெண்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் குதித்து வெளியே வருகிறார்கள். அங்கே பிரம்மாண்டம் என்பதே சூழ்ச்சி. முரசு சின்னதாக இருந்தால் ஆள் உள்ளே ஒளிய முடியாது! பெரிதாக இருப்பதற்குக் கதையில் ஒரு வேலை இருக்கிறது. எனக்குத் தேவை அவ்வளவுதான். என் பாட்டி அந்த நடனத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்தாளாம், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று.

குரோசாவாவே 'ரான்' (1985) படத்துக்கு 1,400 பேருக்குக் கவசமும் உடையும் கையால் செய்ய வைத்தவர். ஆனால் அந்தக் கோட்டைத் தாக்குதலில் அவர் செய்தது என்ன? சத்தத்தை நிறுத்திவிட்டார். அம்பு பாய்கிறது, ரத்தம் ஓடுகிறது, கோட்டை எரிகிறது. வாள் சத்தம் இல்லை, அலறல் இல்லை, சோகமான இசை மட்டும். பல நிமிடம் கழித்து ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. அந்த ஒரு வெடியோடு எல்லாச் சத்தமும் திரும்ப வருகிறது. 1,400 பேரை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு குண்டுக்காக நம்மைக் காத்திருக்க வைக்கிறார்.

ஆக, ஜூன் 8இல் நான் எழுதியதையும் பாதி வாபஸ் வாங்குகிறேன். "போர் முக்கியமில்லை" என்று எழுதும் வேகத்தில் போய்விட்டேன். போர் வேண்டும். எதற்காக அடிக்கிறார்கள், எது போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்த பிறகு வேண்டும்.

ஜூலை 6

ஞாயிறு. அக்கா மகன் வந்திருந்தான், இரண்டு பேரும் ராமலிங்க விலாசம் போனோம். நான் அங்கே போய்ப் பதினைந்து வருடம் இருக்கும்.

தூண்களுக்கு நடுவில் நின்றால் வெளியே கொளுத்தினாலும் உள்ளே குளுமை. சுவர் முழுக்க ஓவியம், பதினெட்டாம் நூற்றாண்டினுடையது. ஒரு பகுதியில் சேதுபதிக்கும் தஞ்சை மராட்டியருக்கும் நடந்த போர். படை வரிசை, குதிரைகள், நெருக்கமாகத் தலைகள். எங்கள் கரையின் முதல் சரித்திரச் சண்டைப் படம் அதுதான், திரை காற்றில் உப்பாது, அவ்வளவே. அக்கா மகன் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்துவிட்டு, "ஒரே முகத்தைக் காப்பி அடிக்கலை மாமா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு ரெண்டு அடிச்சிருக்காங்க" என்றான்.

எனக்குப் பட்டது வேறு. போர் அந்தச் சுவர்களில் ஒரு பகுதிதான். மற்ற இடமெல்லாம் ராமாயணம், பாகவதம், ராஜா ஐரோப்பியர்களை வரவேற்பது, ராஜாவின் அன்றாட வாழ்க்கை. ஒரு சுவரில் வெள்ளைக்காரனை வரவேற்று மரியாதை செய்கிறார்கள். அதே கட்டடத்தில் சில தலைமுறை கழித்து வெள்ளைக்காரன் உட்கார்ந்துகொண்டு நம் ஆளை நிற்க வைத்தான். இதற்கு மேல் எந்தத் திரைக்கதை ஆசிரியர் வந்து என்ன எழுதப் போகிறார்?

நடுவில் நின்று பார்த்தேன். மூன்று மணி நேரம் நிற்க உத்தேசம், இருபது நிமிடத்தில் இடுப்பு பிடித்துவிட்டது. காவலாளி வந்து "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஜூலை 13

"படத்தில் அந்த மூன்று மணி நேரம் இல்லையே, அப்படியானால் பொய்யா?" என்று கேட்டிருக்கிறார்கள். வேறு இரண்டு பேர் யார் ஊர் ராஜா பெரியவர், யார் சாதிக்காரர் என்று ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை, வேறு இழை பாருங்கள்.

கேள்விக்கு வருகிறேன். நடந்தது அவமானம், படத்தில் வந்தது கர்ஜனை. சுதந்திரம் வாங்கிப் பன்னிரண்டே வருடமான 1959இல், மணலில் உட்கார்ந்திருந்த எங்கள் அப்பா தலைமுறைக்கு அந்தக் கர்ஜனை தேவைப்பட்டது. நின்று நின்று அலுத்தவர்கள். அவர்களுக்காக ஒருவர் திரையில் குரல் கொடுத்தார். கெய்ரோ விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதும் வந்தது. அதைப் பொய் என்று சொல்ல என் வாய் வரவில்லை. அதே 1959இல் கண்ணதாசன் மருது சகோதரர்களை வைத்து 'சிவகங்கைச் சீமை' எடுத்தார், கட்டபொம்மன் அலையில் அது அமுங்கிப்போனது. பாட்டு நின்றது, படம் நிற்கவில்லை.

ஆனால் இன்றைக்கு ஒருவர் எடுத்தால் நான் அந்த நிற்பதைக் கேட்பேன். வசனம் இல்லாமல். பின்னால் நிற்கும் ஊமைத்துரையின் கை மட்டும் இடுப்புக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். பங்கா (கூரையில் தொங்கும் துணி விசிறி) ஆடுகிற சத்தம். அப்புறம் வாள் உருவும்போது, தம்பி, நீங்கள் கேட்ட நாற்பது நிமிடச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள், நானே பாப்கார்ன் வாங்கித் தருகிறேன்.

ஜூலை 20

இழைக்குச் சம்பந்தம் உண்டா இல்லையா தெரியவில்லை. ஆடித் திருவிழாவுக்கு இந்த வருடம் ஊர்ப் பையன்களே கட்டபொம்மன் நாடகம் போடுகிறார்கள். ஜாக்சனாக நடிக்க இருந்த ரிட்டயர்டு போஸ்ட்மேனுக்கு முழங்கால் வலி. "நீங்கதான் இதைப் பத்தி ஒன்றரை மாசமா எழுதுறீங்களாமே" என்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஐம்பது வருடம் ஆகப் போகிறது, மறுபடியும் நான்தான் ஜாக்சன்.

ஒரு நிபந்தனை போட்டேன். வசனம் தொடங்குவதற்கு முன்னால் நான் கணக்குப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கட்டபொம்மன் நிற்கவேண்டும், நான் நிமிரும் வரை யாரும் பேசக்கூடாது, ஆர்மோனியமும் கூடாது. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எவ்வளவு நேரம்ணே?" என்றான் கட்டபொம்மன். ஐந்து நிமிடம் என்றேன். இரண்டுக்குப் பேரம் பேசி மூன்றில் முடிந்தது.

கோட்டு கிடைத்துவிட்டது, ஒரு பேண்ட் வாத்தியக் குழுவினுடையது, தோளில் ஜரிகை தொங்குகிறது. நாற்காலி எங்கள் வீட்டிலிருந்தே போகிறது.

ஜூலை 27

நேற்று நாடகம். பதினொன்றரை மணிக்கு என் காட்சி. கையில் ஐஸ் கம்பெனிப் பழைய லெட்ஜர். உட்கார்ந்தேன், புரட்டினேன். கட்டபொம்மன் வந்து நின்றான். முதலில் கைதட்டல், விசில். அப்புறம் வசனம் வரவில்லை என்றதும் சலசலப்பு. பையன் மறந்துவிட்டான் என்று நினைத்துப் பக்கவாட்டிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். நான் ஒரு பக்கம் புரட்டினேன். இன்னொரு பக்கம். நிஜமாகவே 2009ஆம் வருட டீசல் செலவைப் படித்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்குள் வியர்வை முதுகில் ஓடுகிறது.

ஒரு கட்டத்தில் சலசலப்பு நின்றுவிட்டது. ஜெனரேட்டர் சத்தம் மட்டும். அந்தப் பையன் பிளாஸ்டிக் கிரீடத்தோடு அசையாமல் நிற்கிறான், கன்னத்தில் பவுடர் வழிகிறது. மூன்று நிமிடம் ஆகியிருக்காது. முன் வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா எழுந்து, இடுப்பில் கை வைத்து, என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"அந்தப் புள்ளைய உக்காரச் சொல்லுடா!"

திடலே எழுந்துவிட்டது. அதற்குமேல் எங்கள் வசனம் எதுவும் யார் காதிலும் விழவில்லை. வாள் சண்டைக்கு அட்டை வாள், மூன்றுக்கு மூன்று ஆறு பேர். அதற்கு விழுந்த விசில் மாதிரி நான் எந்தத் தியேட்டரிலும் கேட்டதில்லை.

இன்று காலை டீக்கடையில் எனக்கு மட்டும் கடைசியாகத்தான் டீ வந்தது.